தரங்கம்பாடி வழியும் மொரீஷியஸ் வழியும்

திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்துக் கிராமங்களுக்கிடையே இரவில் பயணம் செய்தவர்கள், வயல்களின் நடுவே ஓர் உயர்ந்த இரும்புக் குழாயின் உச்சியில் தீச்சுடர் ஒன்று அணையாமல் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டிருப்பர். எண்ணெயோடு சேர்ந்து வெளிப்படும் எரிவாயுவில், குழாயிட்டுக் கொண்டுபோக வழியில்லாத பகுதியை அங்கேயே எரித்துவிடும் ஏற்பாடு அது. நாம் பள்ளியில் படித்த காலத்தில் அந்தச் சுடர் ஒரு நம்பிக்கையின் அடையாளமாக இருந்தது. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்துவிட்டது, இனி நம் ஊர் குவைத் ஆகிவிடும் என்று தேநீர்க் கடைகளில் பெரியவர்கள் பேசிக்கொண்டதை நாம் கேட்டு வளர்ந்தோம். குவைத்துக்குப் போனவர்கள் உண்டு; கொத்தனாராகவும் ஓட்டுநராகவும் போனார்கள். ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நிலத்தடியில் செல்வமும் நிலத்தின் மேல் வறுமையும் ஒன்றாக வாழும் இந்நிலைக்குப் பொருளியலார் 'வளச் சாபம்' என்று பெயரிட்டுள்ளனர். ரிச்சர்டு ஆட்டி என்பவர் அச்சொல்லைத் தம் நூலொன்றின் தலைப்பில் வைத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1993-இல். நாகப்பட்டினத்தில் காவிரிப் படுகைச் சுத்திகரிப்பு ஆலை தொடங்கப்பட்டதும் அதே 1993-இல்தான். இது தற்செயல் பொருத்தம். இதற்கு மேல் அதில் பொருள் தேடவேண்டியதில்லை. சாபம் என்ற சொல்லை ஏற்பதில்தான் நமக்குத் தயக்கம் உண்டு. சாபமிட்டவர் யார் என்று புராணங்களேனும் சொல்லிவிடும். கணக்குப் புத்தகங்களில் நடப்பதைச் சாபம் என்று அழைத்தால், கணக்கெழுதியவர் தப்பித்துக்கொள்வார்.

வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவர், வரி ஏய்ப்புக்கும் வரி தவிர்ப்புக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். கலைச்சொல் பற்றிய வகுப்பு அது. ஏய்ப்பு சட்டத்தை மீறுவது, தவிர்ப்பு சட்டத்தின் இடுக்கில் புகுந்து வெளியேறுவது என்று பாடநூல் விடையைச் சொன்னோம். "சட்டத்தை எழுதியவரே இடுக்கையும் வைத்து எழுதினால் அதற்கு என்ன பெயர் ஐயா?" என்றார் அவர். மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நாம் போய்ச் சேர்ந்த இடம் ஜாம்பியாவோ நைஜீரியாவோ அன்று. பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்.

*

1773-இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். மராட்டிய மன்னர் துளசாஜி சிறைப்பட்டார். படை கம்பெனியினுடையது, படைச் செலவு நவாபினுடையது, அச்செலவுக்கு நவாபு கடன் வாங்கியதோ கம்பெனியின் ஊழியர்களிடம். கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைக் கம்பெனி ஊழியரிடமே வட்டிக்கு வாங்கிக் கொடுக்கும் இந்தச் சுழலுக்கு ஈடாக வைக்கப்பட்டது தஞ்சாவூர் நெல். எந்த வட்டத்தின் வருவாய் எந்த வெள்ளையருக்கு என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டுகள் சென்னையில் கைமாறின. வயலில் நாற்று நடும்போதே அதன் விளைச்சல் வேறொருவர் கணக்கில் வரவாகிவிட்டிருந்தது.

1776 ஏப்ரலில், லண்டன் இயக்குநர்களின் ஆணைப்படி, ஆளுநர் பிகட் பிரபு தஞ்சாவூருக்கு வந்து துளசாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் ஒரு கணக்கை நீட்டினார். நவாபுக்குத் தாம் கொடுத்த கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூர் வருவாயின் மேல் 1,62,000 பவுன்; தஞ்சாவூர்க் குடிகளுக்குத் தாம் தனித்தனியே கொடுத்ததாகச் சொன்ன கடனுக்கு ஈடாக, நிற்கும் பயிரின் மேல் 72,000 பவுன்; ஆகமொத்தம் 2,34,000 பவுன். ஆண்டுக்குச் சில நூறு பவுன் ஊதியம் வாங்கிய இளநிலை ஊழியர் ஒருவரிடம் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய சென்னை ஆலோசனைச் சபை, முதலில் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. பின்னர் பெரும்பான்மை புரண்டது. சபை உறுப்பினர் பலருக்கும் நவாபின் கடன்சீட்டுகளில் பங்கு இருந்ததை நினைவிற்கொண்டால் வியப்பு எழாது. எதிர்த்து நின்ற பிகட்டை 1776 ஆகஸ்டு 24 அன்று அவருடைய சபையினரே கைது செய்தனர். 1777 மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார். பிகட் ஒன்றும் தருமபுத்திரர் அல்லர். முதல்முறை ஆளுநராக இருந்தபோது நவாபிடம் பெரும்பொருள் ஈட்டியவர்தாம். ஆயினும் ஒரு கடன்கணக்கைச் சரிபார்க்க முயன்ற ஆளுநர் தம் சொந்த நிர்வாகத்தாலேயே சிறைவைக்கப்பட்டார் என்பது காவிரிக்கரை வரலாற்றில் ஓரமாக ஒதுக்கிவிடக்கூடிய செய்தியன்று.

இக்கடன்களைப் பற்றி எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை இன்றும் ஆங்கிலப் பேச்சுக்கலைக்குச் சான்றாகப் படிக்கப்படுகிறது. (பர்க்கின் உறவினர் போன்றவரான வில்லியம் பர்க், தஞ்சாவூர் மன்னரின் முகவராக இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நாமும் கணக்கை மறைத்தவராவோம்.) உரை அழியாப் புகழ் பெற்றது. கடன்களோ விசாரணையின்றியே ஏற்கப்பட்டன. 1805-க்குப் பின் அமைந்த விசாரணைக் குழு, அதற்குப் பிறகு முளைத்த புதிய கோரிக்கைகளை ஆராய்ந்தபோது, கேட்கப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாகத் தேறவில்லை.

இனி நம் தலைப்புக்கு வருவோம். இப்படிச் சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்புவது எப்படி? கம்பெனியின் கருவூலத்தில் செலுத்தி லண்டனில் மாற்றுச்சீட்டாகப் பெறலாம். ஆனால் அதற்கு அளவு உண்டு. அதைவிட முக்கியமாக, எவ்வளவு சேர்த்தோம் என்பது முதலாளிக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஆங்கிலேய ஊழியர்கள் பிறநாட்டுக் கம்பெனிகளை நாடினர். அவற்றுள் ஒன்று டேனியக் கம்பெனி. 1620-இல் இரகுநாத நாயக்கரிடம் ஆண்டுக் கப்பத்துக்குப் பெற்ற தரங்கம்பாடியில் அது கோட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் தம் பணத்தை இந்தியாவில் டேனியர் கையில் கொடுப்பர். டேனியர் அதைக்கொண்டு சரக்கு வாங்கிக் கோபன்ஹேகனுக்கு அனுப்புவர். சரக்கு விற்றபின் பணம் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்குக் கிடைக்கும். சரக்கின் மேல் டேனியக் கொடி, உள்ளே ஆங்கிலேயப் பணம். பிரிட்டன் பிரான்சுடனும் ஆலந்துடனும் போரிட்ட ஆண்டுகளில் நடுநிலை நாட்டுக் கொடிக்கு மதிப்பு கூடியது, தரங்கம்பாடி செழித்தது. கடற்கரையில் நாம் இன்று மாலைக் காற்று வாங்கும் அந்த மஞ்சள்நிற டான்ஸ்போர்க் கோட்டை, கீழ்க்காவிரியின் உள்ளேயே அமைந்திருந்த ஒரு வரிப்புகலிடத்தின் முன்னோடி என்றால் மிகையாகாது. டேனியரே கறைபட்டவர் என்பதன்று நம் கருத்து. ஒரு சிறிய துறைமுகம், ஒரு பிறநாட்டுக் கொடி, கேள்வி கேட்காத ஒரு கணக்கர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு நாட்டின் விளைச்சல் தடயமின்றி வெளியேறலாம் என்பதே.

பட்டினப்பாலையைப் பாடம் நடத்தும்போது இவ்விடத்தில் நமக்கு ஒரு பொறாமை எழுவதுண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கும் பொருளும் ஏற்றுமதியாகும் பொருளும் குவிந்து கிடக்க, சுங்கம் கொள்வோர் சோர்வின்றி நின்று, ஒவ்வொன்றின் மேலும் சோழரின் புலிப்பொறி இட்ட காட்சியை உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். கண்ணால் காணும் மூட்டை, கையால் இடும் முத்திரை. அங்கே ஏமாற்றுவதற்குச் சரக்கையே ஒளிக்கவேண்டும். நம் காலத்தில் சரக்கு ஒளிவதில்லை. அதன் விலை ஒளிகிறது.

*

1799-இல் இரண்டாம் சரபோஜி ஆட்சியைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். 1855-இல் அரச மரபும் முடிந்தது. அதன்பின் வந்த நூறாண்டுகளை இங்கே விரித்தால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து அரிசி இலங்கைக்குப் போனது. அதே துறைமுகத்திலிருந்து மனிதர்கள் மலாயாத் தோட்டங்களுக்குப் போனார்கள். நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற நாடு, நெல்லையும் நெல் விளைவித்த கையையும் சேர்த்தே ஏற்றுமதி செய்தது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் உச்சத்தில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையொன்றில் எரிக்கப்பட்டனர். வளம் கொழிக்கும் நாட்டில் வறுமை எப்படி என்று வெளிநாட்டு நூல்கள் கேட்கும்போது, நம் வட்டாரத்து வாசகருக்கு அக்கேள்வி புதிதன்று. எண்ணெய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அதற்கான விடையை நாம் வாழ்ந்து பார்த்திருக்கிறோம்.

பழைய பண்ணைகளில் வாங்கும் மரக்கால் வேறு, கொடுக்கும் மரக்கால் வேறு என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். குத்தகை நெல் அளக்கப் பெரியது, கூலி நெல் அளக்கச் சிறியது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், உலகச் சுரங்கத் தொழிலின் வரிக்கலை முழுவதையும் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

*

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் காவிரிப் படுகையில் ஆய்வைத் தொடங்கியது 1950-களின் இறுதியில். காரைக்காலில் 1964-இல் முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது. 1985-இல் நரிமணத்தில் வணிக அளவில் எண்ணெய் உறுதியானது. கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று ஊர்ப்பெயர்கள் எண்ணெய் வயல்களின் பெயர்களாயின. ஆண்டுக்கு 5 லட்சம் டன் கொள்ளளவோடு தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை பின்னர் 10 லட்சம் டன்னாகப் பெருக்கப்பட்டது.

இக்கழகம் பொதுத்துறை நிறுவனம். மொரீஷியஸில் அஞ்சற்பெட்டி வைத்து இலாபத்தை மறைத்தது என்று அதன்மேல் சொல்ல ஏதுமில்லை. அப்படியானால் எண்ணெய்ப் பணம் ஏன் கிராமத்துக்கு வரவில்லை? விடை அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ளது. எண்ணெய் வயல்களும் கனிம எண்ணெய் வளமும் மத்தியப் பட்டியலின் 53-ஆம் இனம். உரிமம் தருவதிலும் விதி வகுப்பதிலும் மத்திய அரசே முதன்மை. நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கான உரிமத்தொகை மாநிலத்துக்குச் சேரும். எரிவாயுவுக்கு அது மதிப்பில் 10 விழுக்காடு. கச்சா எண்ணெய்க்கு ஒப்பந்தத்தைப் பொறுத்து 12.5 முதல் 20 விழுக்காடு வரை. 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படியான எண்ணெய்த் தீர்வை முழுவதும் டெல்லிக்குரியது. இந்தப் பங்கீட்டில் ஊராட்சி என்ற சொல்லே இல்லை.

2015-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டுச் சுரங்க மாவட்டங்களுக்கென மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன. சுரங்கம் நடத்துவோர் உரிமத்தொகைக்கு மேல் ஒரு பங்கை, பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென அதில் செலுத்தவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அச்சட்டத்தில் 'கனிமம்' என்பதற்கு வரையறை, கனிம எண்ணெய் நீங்கலான எல்லாக் கனிமங்களும் என்பதாகும். ஆகவே அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டினால் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே வந்து எண்ணெய் எடுத்தால் இல்லை. அந்த மாணவர் கேட்ட இடுக்கு இதுவாக இருக்கலாம். யாரும் ஏய்க்கவில்லை; எதையும் தவிர்க்கவுமில்லை. ஒரு வரையறை வாக்கியம், அவ்வளவே.

சுண்ணாம்புக்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டத்தின்படி, சுரங்க உரிமத்தொகையின் மேல் உள்ளாட்சித் தீர்வை விதிக்கப்பட்டுவந்தது. இந்தியா சிமென்ட்ஸ் தொடுத்த வழக்கில் 1989-இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உரிமத்தொகை என்பதே ஒரு வரி, அதன்மேல் மாநிலம் வேறு தீர்வை போடமுடியாது என்று தீர்ப்பளித்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், உரிமத்தொகை வரியன்று, கனிம உரிமையின் மேல் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அதைத் திருத்தியது. தீர்ப்புத் திருந்தியது நன்று. அந்த 35 ஆண்டுகளில் ஊராட்சிகள் இழந்த பள்ளிக்கூடக் கட்டடங்களும் சாலைகளும் எந்தக் கணக்கில் எழுதப்படும் என்பதுதான் தெரியவில்லை.

*

தனியார் நிறுவனங்கள் வந்தபின் கதை வேறு வேகம் பெறுகிறது. 2010 ஜூலையில் மன்னார்குடி வட்டாரத்தில் ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு மத்திய அரசு ஒப்பந்தம் அளித்தது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. நிலக்கரிப் படுகையில் மீத்தேன் நீரின் அழுத்தத்தால் கட்டுண்டு கிடப்பது. நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு வெளிப்படும். மேட்டூர் திறப்பதற்கு முன்னரே ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை நடும் உழவருக்கு இதை விளக்க அறிவியலாளர் தேவைப்படவில்லை. கோ. நம்மாழ்வார் தம் இறுதி நாட்களில் இதற்கெதிராகவே ஊர் ஊராகப் பேசினார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் மறைந்தபோதும் அப்பரப்புரையின் நடுவில்தான் இருந்தார். 2013-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைத்தது. 2015-இல் அனுமதியில்லை என்று அறிவித்தது. 2017-இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் வந்தன. அவை அண்மைக் காலம். வாசகர் நினைவில் இருக்கும்.

2018 அக்டோபரில் திறந்தவெளி உரிமக் கொள்கையின் முதல் சுற்றில் நாடெங்கும் 55 வட்டாரங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் 41 வேதாந்தா நிறுவனத்துக்கு. காவிரிப் படுகையின் இரண்டு வட்டாரங்களும் அவற்றுள் அடக்கம். இந்த இடத்தில் நாம் ஆப்பிரிக்காவுக்குச் சென்று திரும்பவேண்டும். ஏனெனில் அங்கே அந்நிறுவனம் நமக்கு முன்பே போயிருந்தது.

ஜாம்பியா செம்பு நாடு. 2004-இல் அந்நாட்டின் கொங்கோலா செம்புச் சுரங்கத்தின் 51 விழுக்காட்டை வேதாந்தா 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2014-இல் ஒரு காணொளி வெளிவந்தது. பெங்களூரில் நடந்த ஒரு கூட்டத்தில் அதன் நிறுவனர் அனில் அகர்வால், இவ்வளவு மலிவாக வாங்கிய அச்சுரங்கம் ஆண்டுக்கு 50 கோடி டாலரும் அதற்கு மேலும் தருவதாக மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தார். ஜாம்பியாவில் கொதிப்பு எழுந்தது. அரசு கணக்கை ஆராயப் புறப்பட்டது. 2019-இல் சுரங்கத்தை அரசு தற்காலிகக் கலைப்பாளர் கையில் ஒப்படைத்தது. நெடிய வழக்குகளுக்குப் பின் 2024-இல் அது மீண்டும் வேதாந்தாவிடமே போனது. சுரங்கக் கழிவால் ஆறு கெட்டது என்று லண்டன் நீதிமன்றத்தை நாடிய ஜாம்பியக் கிராமத்தினர், தாய் நிறுவனத்தின்மேல் அங்கேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூத்துக்குடியில் அதே குழுமத்தின் ஸ்டெர்லைட் ஆலைக்கெதிரான ஊர்வலத்தில் 2018 மே 22 அன்று துப்பாக்கிச் சூடு நடந்ததை நாம் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதற்குத் தெளிவான சான்று அதே நாட்டின் இன்னொரு சுரங்கத்தில் கிடைக்கிறது. மோபானி செம்புச் சுரங்கம் அப்போது சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் குழுமத்தின் பிடியில் இருந்தது. மோபானி தன் செம்பைக் குழுமத்தின் சுவிஸ் நிறுவனத்துக்கே விற்றது. சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்கு. ஜாம்பியாவில் இலாபம் சுருங்கியது, வரியும் சுருங்கியது. அந்நாட்டு வரித்துறை விடாமல் வழக்காடி, 2020 மே மாதம் ஜாம்பிய உச்சநீதிமன்றத்தில் வென்றது. கட்டவேண்டிய தொகை ஏறத்தாழ 1.3 கோடி டாலர். வரிச்சட்ட நூல்களில் இதற்குப் பரிமாற்ற விலை என்று பெயர். நம் ஊர் மொழியில் சொன்னால்: மிராசுதார் வாரத்துக்கு விட்ட நிலத்து நெல்லைத் தம் மைத்துனர் அரைவை ஆலைக்குப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, விற்ற விலை இதுதான் என்று குத்தகைதாரரிடம் கணக்குக் காட்டுவது. மைத்துனர் ஆலை முழு விலைக்கு விற்கும். இரண்டு வீட்டுக்கும் அடுப்பங்கரை ஒன்று. பெரிய மரக்கால், சிறிய மரக்கால்.

ஆப்பிரிக்கக் கண்டம் இத்தகைய வழிகளில் ஆண்டுதோறும் 5,000 கோடி டாலருக்கு மேல் இழப்பதாகத் தாபோ உம்பெகி தலைமையிலான உயர்மட்டக் குழு 2015-இல் மதிப்பிட்டது. இதற்கு மாறாகப் போட்சுவானா என்ற நாடும் அதே கண்டத்தில் உண்டு. வைரச் சுரங்கத்தில் டி பீர்ஸ் நிறுவனத்தோடு அரசு சரிபாதிப் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டது. ஏற்றத்தாழ்வு அங்கும் நீங்கவில்லை. எனினும் சாபம் என்ற விளக்கம் போதாது என்பதற்கு அந்த ஒரு நாடு போதும்.

*

இந்தியாவில் இதற்கெனத் தனியே ஒரு வழி இருந்தது. 1982-இல் மொரீஷியஸோடு செய்துகொண்ட இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தப்படி, மொரீஷியஸ் நிறுவனம் ஒன்று இந்தியப் பங்குகளை விற்று ஈட்டும் மூலதன ஆதாயத்துக்கு மொரீஷியஸில் மட்டுமே வரி; அங்கே அத்தகைய வரியே கிடையாது. ஒப்பந்தத்தின் பெயரிலேயே 'தவிர்ப்பு' இருந்தது வேடிக்கை. போர்ட் லூயியில் ஒரு பெயர்ப்பலகை இருந்தால் போதும். இதை எதிர்த்த வழக்கில் 2003-இல் உச்சநீதிமன்றம் ஒப்பந்தத்தின் பக்கமே நின்றது. 2016-இல் திருத்தி, 2017 ஏப்ரல் முதல் வாங்கும் பங்குகளுக்கு அவ்வழி அடைக்கப்பட்டது. பல ஆண்டுகள் இந்தியாவுக்குள் வந்த அந்நிய முதலீட்டின் மிகப்பெரிய வாயிலாக அந்தச் சிறு தீவு இருந்தது. தரங்கம்பாடிக்கு ஒரு டேனியக் கொடி இருந்ததைப் போல.

எண்ணெய்த் துறையிலேயே இதன் உச்சம் கெய்ர்ன் வழக்கு. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன் எனர்ஜி, தன் இந்தியச் சொத்துகளை ஜெர்சித் தீவில் பதிவான நிறுவனத்தின் வழியே வைத்திருந்து, 2006-இல் அவற்றைப் புதிதாக அமைத்த இந்திய நிறுவனத்துக்கு மாற்றியது. 2011-இல் அந்நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது வேதாந்தா. 2012-இல் இந்திய அரசு முன்தேதியிட்டு வரிச்சட்டத்தைத் திருத்தி, 2015-இல் 10,247 கோடி ரூபாய் கேட்டது. 2020 டிசம்பரில் தி ஹேகில் அமைந்த நடுவர் மன்றம் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2021-இல் அரசு முன்தேதி வரியைக் கைவிட்டது. ஏறத்தாழ 7,900 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது.

இதில் நாம் யார் பக்கம் நிற்பது? ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றுவது அரசுக்கு அழகன்று. அது நேர்மையான வணிகரையும் அச்சுறுத்தும். ஆனால் பாலைவனத்து ராஜஸ்தானில் கண்டெடுத்த எண்ணெயின் உரிமை ஜெர்சித் தீவில் கைமாறுவதும், அதைக் கேட்க இந்தியச் சட்டத்தில் 2006-இல் தெளிவான சொல் இல்லாமல் போனதும்தான் முதல் தவறு. இடுக்கோடு சட்டத்தை எழுதிவிட்டு, புகுந்தவரைப் பின்னாலிருந்து பிடித்ததால், பிடித்த கையே தண்டனைக்குள்ளானது.

செலவுக் கணக்கு இன்னொரு இடுக்கு. பழைய உற்பத்திப் பங்கீட்டு ஒப்பந்தங்களில் நிறுவனம் தன் செலவை முதலில் எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் அரசுக்குப் பங்கு. முதலீட்டைக் குறைக்க அவ்வொப்பந்தங்கள் போதிய ஊக்கம் தரவில்லை என்று கணக்குத் தணிக்கைத் தலைவர் 2011-இல் அறிக்கையிட்டார். 2016-இல் வந்த புதிய கொள்கை செலவைக் கேளாமல் வருவாயிலேயே பங்கு என்று மாற்றியது. அது முன்னேற்றமே, அதே கொள்கை எண்ணெய்த் தீர்வையிலிருந்து விலக்கும் தந்தது.

*

நம் வட்டாரத்துப் போராட்டங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2020 ஜனவரியில் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்த சில வாரங்களில், தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது என்றால், அது ஊர்களின் குரலால்தான். 2023-இல் ஒரத்தநாடு பக்கத்து வடசேரியை நிலக்கரி ஏலப் பட்டியலிலிருந்து சில நாட்களிலேயே நீக்கவைத்ததும் அக்குரலே. ஆனால் அந்த மேடைகளில் நாம் கேட்ட முழக்கங்கள் எல்லாம் மண்ணையும் நீரையும் பற்றியவை. 1985 முதல் எடுத்த எண்ணெய்க்கு எவ்வளவு உரிமத்தொகை வந்தது, அது எந்த ஊருக்கு எதைச் செய்தது, அடுத்து வரும் நிறுவனத்தின் உடைமையாளர் எந்தத் தீவில் பதிவாகியிருக்கிறார் என்று எந்தத் துண்டறிக்கையும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. கணக்குக் கேட்பது எண்ணெய் எடுக்க ஒப்புக்கொள்வதாகிவிடும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம். அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம், ஏற்கவில்லை.

ஏனெனில் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய திட்டங்களைத்தான் தடுக்கிறது. சட்டத்துக்கு முன்பே நடந்துவந்தவற்றை அது தொடவில்லை. பழைய கிணறுகள் தொடர்கின்றன. 2021 பிப்ரவரியில் நாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் கொள்ளளவுள்ள புதிய சுத்திகரிப்பு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்காக நிலம் எடுக்கப்பட்ட பனங்குடி முதலிய ஊர்களில் மறுவாழ்வுத் தொகை கேட்டுப் போராடியவர்களுள் பட்டாதாரர் மட்டுமல்லர், சாகுபடிதாரரும் கூலித் தொழிலாளரும் இருந்தனர். பட்டாவில் பெயருள்ளவருக்கு நிலத்தின் விலை உண்டு. அதில் நடவு நட்டவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1776-இல் பென்ஃபீல்டு தம் கடனுக்கு ஈடாகக் காட்டிய பயிரை நட்டவர் பெயரும் அப்படித்தான்.